ஆட்டுக்கு வராத கால்வலி ஆட்டுக்கறி சமைக்கிறவருக்கு ஏன்?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 54. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறேன். போன தை மாதம் இரண்டு நாள் கல்யாண வேலை முடிந்து, அலுப்புக்குக் கொஞ்சம் பீர் குடித்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் வலது கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. ரத்தத்தில் யூரிக் ஆசிட் 9.1 இருந்தது. அல்லோபியூரினால் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது வாரமே திரும்பவும் வீங்கிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டேன். விலங்கியல் படிக்கிற என் மகன், "குரங்கா இருந்தப்பவே நமக்கு ஒரு ஜீன் கெட்டுப்போச்சுப்பா, ஆட்டுக்கெல்லாம் இது வராது" என்கிறான். கேலி பண்ணுகிறானா, நிஜமா? இயற்கையே எடுத்துவிட்டது என்றால் அது நல்லதுக்குத்தானே, பிறகு எதற்கு ஆயுசுக்கும் மாத்திரை? பருப்பு, தக்காளி, கீரை எதுவும் கூடாது என்கிறார்கள், நான் எப்படிச் சமைத்துப் பிழைப்பது? தெரிந்தவர் ஒருவர் கண்வலிக்கிழங்கு கொண்டுவந்து தந்திருக்கிறார், அரைத்துக் குடித்தால் வேரோடு போகுமாம். பெயர் போட வேண்டாம், தேவகோட்டைப் பக்கம் என்று மட்டும் போடுங்கள்.

பதில்: அண்ணே, முதலில் அந்தக் கிழங்கு. வீட்டில் இருந்தால் எழுந்துபோய், பிள்ளைகளும் ஆடு மாடும் தொடாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

உங்களுக்குத் தந்தவர் முழுப்பொய் சொல்லவில்லை. அதுதான் ஆபத்து. கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள், நம் மாநிலப் பூ. பெண்களின் விரலுக்கு உவமையாகப் பழம்பாடல்களில் வருகிற அதே பூ. அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. உங்களுக்கு வந்திருக்கிற இந்த 'கவுட்' வாதத்துக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் கொடுக்கிற மருந்தும் அதே கோல்சிசின்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே தோட்டம் போடுகிறார்கள். ஆனால் நான் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரு துண்டுக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, கொண்டுவந்தவராலும் முடியாது. அளவு மீறினால் முதல் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, அதற்குப் பிறகு சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று வரிசையாக நின்றுபோகும். இதற்கு மாற்று மருந்து கையில் கிடையாது. மருந்தும் விஷமும் ஒரே கிழங்கில் இருக்கும்போது அம்மியில் அரைத்து அளவு பார்க்க முடியாது.

இனி உங்கள் மகன். அவர் கேலி பண்ணவில்லை. சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியை நான் திருத்துகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

யூரிக் ஆசிட் எங்கிருந்து வருகிறது? பியூரின் என்ற பொருளிலிருந்து. பியூரின் ஆட்டுக்கறியில் மட்டும் இருப்பதில்லை. நம் மரபணு எழுதப்பட்டிருக்கும் நாலு எழுத்தில் இரண்டு பியூரின். உடம்பு செலவழிக்கிற சக்திக்கு ஏ.டி.பி. என்று ஒரு சில்லறைக் காசு இருக்கிறது, அதன் நடுவிலும் பியூரின். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நம் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை உடைத்து உடைத்து ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறோம். இதே காசுதான் ஆட்டுக்கும், அது கடிக்கிற கருவேலங்காய்க்கும், ராத்திரி நீங்கள் கரைத்துவைக்கிற இட்லி மாவில் பொங்குகிற நுண்ணுயிருக்கும். மாவைப் புளிக்கவைக்கும்போது அவை சர்க்கரையை உடைக்கிற வழியின் பெரும்பகுதி, நீங்கள் அண்டாவைத் தூக்கும்போது உங்கள் தோள் சதை உடைக்கிற வழிதான். உயிர் தொடங்கிய காலத்தில் விழுந்த அடித்தளம் அது. அதை மாற்றப் போனால் மேலே இருக்கிற எல்லாமே சரியும் என்பதால் முந்நூறு கோடி ஆண்டுக்கு மேலாக ஒருவரும் கைவைக்கவில்லை.

அடித்தளம் மாறவில்லை, கழிவு போகிற வாய்க்கால்தான் ஊருக்கு ஊர், உயிருக்கு உயிர் மாறியது. ஊரணிக்குப் போய்ப் பாருங்கள். தலைப்பிரட்டை தன் நைட்ரஜன் கழிவை அம்மோனியாவாகவே தண்ணீரில் விட்டுவிடும். விஷம்தான், ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது கவலை என்ன? அதுவே தவளையாகிக் கரையேறும்போது ஈரலில் வேறு நொதிகள் (என்சைம்கள்) வேலை தொடங்கி, யூரியாவாக மாற்றிக்கொள்கிறது. ஒரே பிராணி, ஒரே மழைக்காலத்துக்குள். பல்லிக்கும் புறாவுக்கும் தண்ணீர்ச் சிக்கனம் உயிர்ப் பிரச்சினை. அவை யூரிக் ஆசிடாகவே கட்டியாக வெளியேற்றுகின்றன. வளவில் புறா போட்ட எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, பல்லி எச்சத்தின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, அதுதான் உங்கள் கட்டைவிரலில் உட்கார்ந்திருக்கும் சரக்கு. முட்டைக்குள் அடைந்து வளர்கிற குஞ்சுக்கும் இதுதான் வசதி. கரையாத கழிவு ஓரமாகக் கிடக்கும், குஞ்சுக்கு விஷம் ஏறாது.

நாம் புறா மாதிரி இல்லை. புரதத்தின் கழிவை யூரியாவாகத்தான் அனுப்புகிறோம். பியூரினின் கழிவு மட்டும் யூரிக் ஆசிடில் வந்து நிற்கிறது. ஆட்டுக்கும் அதுவரை இதே பாதைதான். ஆனால் அதன் ஈரலில் யூரிகேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது யூரிக் ஆசிடை இன்னும் ஒரு படி உடைத்து, தண்ணீரில் நன்றாகக் கரைகிற அலன்டாயின் ஆக்கிவிடும். ஆடு, மாடு, எலி, பூனை எல்லாவற்றுக்கும் அது உண்டு. அவற்றின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் பெரும்பாலும் 1, 2 அளவில்தான். நமக்கு அந்த நொதிக்கான மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய சேதம் என்று கணக்கிடுகிறார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது உங்கள் மகனுக்குச் சுவைக்கும். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். அவர் சொல்லுவார்: இரண்டு பேரேட்டில் கூட்டல் சரியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டிலும் ஒரே பக்கத்தில் ஒரே வரியில் ஒரே தப்பு இருந்தால், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது, அல்லது இரண்டும் மூன்றாவது ஒன்றைப் பார்த்து எழுதியது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் நான்கிலும் யூரிகேஸ் மரபணுவில் 'இத்தோடு நிறுத்து' என்ற தவறான குறி ஒரே இடத்தில், 33ஆவது மூன்றெழுத்துச் சொல்லில் விழுந்திருக்கிறது. நாலு பேரும் தனித்தனியாக அதே வரியில் தப்பு செய்தோம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் நம்பமாட்டார். கிப்பன் என்ற சின்ன வாலில்லாக் குரங்குக்கும் இந்த நொதி இல்லை, ஆனால் அதன் பிழை வேறு இடத்தில். அது தன் பாட்டுக்குத் தனியே இழந்தது.

ஆக, திருத்தம் இது: கெட்டது 'குரங்காக இருந்தபோது' அல்ல, வாலில்லாக் குரங்காக இருந்தபோது. அழகர்கோவிலில் உங்கள் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற குரங்குக்கு யூரிகேஸ் இன்னும் வேலை செய்கிறது, கொஞ்சம் மந்தமாக. அந்தக் குரங்கோடு நாம் பங்குபோட்டுக்கொள்கிற இழப்பு வேறு ஒன்று இருக்கிறது: வைட்டமின் சி. அதைத் தயாரிக்கிற கடைசி நொதி நம் கிளையில் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியை ஈரலில் தானே செய்துகொள்ளும். நீங்களும் நானும் அழகர்கோவில் குரங்கும் நெல்லிக்காயைத் தேடிப் போக வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த கேள்வி அது. இயற்கை எடுத்தது என்றால் நல்லதுக்குத்தானே?

நல்லதுக்கும் இருக்கலாம் என்பதற்குத் தடயம் உண்டு. யூரிகேஸ் ஒரே நாளில் போகவில்லை. பழைய நொதிகளை மரபணு ஒப்பீட்டால் ஊகித்து, ஆய்வகத்தில் மீண்டும் செய்து பார்த்தபோது, அதன் வேகம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் அணைந்திருக்கிறது. கிப்பன் தனியாக அதே பக்கம் போயிருக்கிறது. இன்னொன்று, நம் சிறுநீரகம் யூரிக் ஆசிடை வடிகட்டிவிட்டு, அதில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ரத்தத்துக்குத் திரும்ப எடுத்துவைக்கிறது. வெறும் குப்பை என்றால் யாராவது இப்படிச் செய்வார்களா? எங்கள் அப்பத்தா காலி பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து இரண்டாங்கட்டு அறையில் அடுக்குவார். கேட்டால் 'உதவும்' என்பார். உடம்பும் அப்படித்தான் எதற்கோ அடுக்குகிறது.

எதற்கு என்பதில்தான் கதைகள். யூரிக் ஆசிட் செல்களை ஆக்சிஜன் சேதத்திலிருந்து காக்கிறது, போன வைட்டமின் சிக்குப் பதில் ஆள் என்கிறது ஒரு தரப்பு. உப்பே கிடைக்காத காட்டில் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க உதவியது என்பது இன்னொன்று. பழம் கிடைக்கும் பருவத்தில் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்து, கிடைக்காத பருவத்தைக் கடக்க உதவியது என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவதன் மேல் ஒரு சாய்வு உண்டு. ஆனால் எதுவும் நிரூபணமாகவில்லை. பரிணாமத்தில் 'ஏன்' என்று கேட்டால் அழகான கதை சொல்ல எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும்.

சரி, நல்லதுக்கே போனது என்று வைத்துக்கொள்வோம். யாருடைய நல்லதுக்கு? பழம் தின்று, மரத்தில் படுத்து, பிள்ளை பெற்று, பெரும்பாலும் இளவயதிலேயே செத்துப்போன ஒரு பிராணியின் நல்லதுக்கு. இயற்கைத் தேர்வு பார்ப்பது, பிள்ளை பிறந்து பிழைத்ததா என்பதை மட்டும். உங்கள் மகன் காலேஜுக்குப் போன பிறகு உங்கள் கட்டைவிரல் வீங்கினால் அதற்கு என்ன அக்கறை? ஆண்களுக்கு இந்த வாதம் பெரும்பாலும் நடுவயதில்தான் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிடைச் சிறுநீரில் தள்ளிவிட உதவுவதால் அதற்கும் பிந்தித்தான். அந்த மூதாதைக்குப் பீரும் தெரியாது, கல்யாணப் பந்தியில் ஒரு நாளைக்கு நாலு குளிர்பானமும் தெரியாது. எடுத்தது இயற்கை என்பதால் அதை நிவர்த்தி செய்வது தப்பு என்றால், கண்ணாடியும் போடக்கூடாது.

நொதியைத் திரும்ப வாங்க முடியாதா என்றால், முடியும். பன்றியின் யூரிகேஸையும் பபூன் குரங்கின் யூரிகேஸையும் ஒட்டிச் செய்த ஒரு ஊசிமருந்துக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு எதற்கும் அடங்காத கடும் நோயாளிகளுக்கு மட்டும். பலருக்குக் கொஞ்ச நாளில் உடம்பே அதை அந்நியப் பொருள் என்று எதிர்த்து வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடுகிறது. ஒன்றரைக் கோடி வருஷம் கழித்துத் திரும்பி வந்த சொந்தக்காரரை வீட்டு நாய் குரைத்து விரட்டுவது மாதிரி.

உங்களுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. நிறுத்திவைத்த மாத்திரையே போதும். அது ஏன் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று தோன்றியது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

பாகு காய்ச்சுகிறீர்கள். சூடாக இருக்கும்போது எவ்வளவு சர்க்கரையும் கரைந்து நிற்கும். ஆறினால் மணி பிடிக்கும். நடுவில் ஒரு நூல் தொங்கவிட்டால் நூலைப் பிடித்துக் கல்கண்டு வளரும். யூரிக் ஆசிட் விஷயமும் இதுதான். 37 டிகிரி உடம்புச் சூட்டில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் கரைந்து நிற்கும். உங்களுக்கு 9.1. கால் கட்டைவிரல் உடம்பிலேயே குளிர்ந்த மூலை, விடியற்காலை இன்னும் குளிரும். அங்கே ஊசி ஊசியாக மணி பிடிக்கிறது. கல்கண்டு உவமை எனக்கே தோன்றியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் ஆல்ஃபிரட் கேரட் என்ற மருத்துவர், நோயாளியின் ரத்த நீரில் கொஞ்சம் அமிலம் விட்டு ஒரு நூலைப் போட்டுவைத்தார். நூலில் யூரிக் ஆசிட் படிகம் பிடித்தது. நோயைக் கண்டறிய அப்போது அந்த நூல்தான் பரிசோதனை.

இப்போது மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு இறங்குகிறது. மூட்டில் வருஷக்கணக்காக அடைந்திருந்த படிகம் கரையத் தொடங்கி, அசைந்து, உதிர்கிறது. உதிரும்போது வெள்ளையணுக்கள் அதைப் பார்த்துப் பாய்கின்றன, வீக்கம் வருகிறது. அதாவது மூன்றாவது வாரம் உங்களுக்கு வந்த வலி, மாத்திரை வேலை செய்ததன் அடையாளம். இதை முன்கூட்டியே சொல்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுத்தது எங்கள் தொழிலின் குறை, உங்கள் குறை அல்ல. சரியான முறை: குறைந்த அளவில், பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றி, 6க்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதல் சில மாதங்களுக்குக் கூடவே சின்ன அளவில் கோல்சிசின் தந்தால் இந்த இடைவலி பெரும்பாலும் தலைகாட்டாது. ஆக, அந்தக் கிழங்கின் சாரம் உங்களுக்கு எப்படியும் கிடைக்கத்தான் போகிறது, அளந்து. ஒன்றே ஒன்று: அல்லோபியூரினால் சாப்பிடும்போது தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதுதான் உண்மையான 'ஒத்துக்கொள்ளாமை'.

அந்த மாத்திரையே பியூரின் மாதிரி வேஷம் போட்ட பொருள். யூரிக் ஆசிடைச் செய்கிற நொதி அதை அசல் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும். இதைச் செய்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார். 1988இல் நோபல் வாங்கினார்.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் யூரிக் ஆசிடில் மூன்றில் இரண்டு பங்கு உங்கள் சொந்தச் செல்கள் செத்துப் பிறப்பதில் வருவது. இலையில் விழுவது மிச்சம்தான். எவ்வளவு கடும் பத்தியம் இருந்தாலும் 9.1 என்பது 8க்கு வரும், 6க்கு வராது. அதனால் பட்டினி கிடக்காதீர்கள். பருப்பு, கீரை, தக்காளி மூன்றையும் தாராளமாகச் சாப்பிடலாம். அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளிவந்த ஆய்வில், கறியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த வாதம் கூடுதலாக வந்தது. பியூரின் உள்ள காய்கறியால் கூடவில்லை. பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. மோர் குடியுங்கள். பில்டர் காபியும் கெடுதலில்லை.

குறைக்க வேண்டியது ஈரல், சுவரொட்டி, மூளை, நெத்திலி, மத்தி. செல்கள் நெருக்கமாக அடைந்த உறுப்பில் பியூரினும் நெருக்கம். உங்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: கறி வேகும்போது பியூரினில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். நெஞ்செலும்பு சூப்பை டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு 'நான் கறியே தொடவில்லை' என்று சொல்லக்கூடாது. உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும். வெல்லம், கருப்பட்டி, சீனி எல்லாவற்றிலும் உள்ள சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி, ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. ஈரல் அதை அவசரமாகக் கையாளும்போது ஏ.டி.பி.யைச் செலவழித்து, உடைந்த சில்லறை யூரிக் ஆசிடாக மாறும். கருப்பட்டி என்றால் சலுகை கிடையாது. பீரில் பியூரினும் உண்டு, சாராயம் சிறுநீரகத்தின் வாயையும் அடைக்கும். கோட்டை அடுப்புக்கு முன்னால் இரண்டு நாள் வேர்த்துக் காய்ந்த உடம்பில் அதை ஊற்றியிருக்கிறீர்கள். தை மாதம் என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுப்படியில் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மாத்திரை எழுதியவரிடமே திரும்பிப் போங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஏதாவது சாப்பிட்டால் அந்த அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். 'தயசைடு' வகை மாத்திரைகள் யூரிக் ஆசிடை ஏற்றும், மாற்றித்தரச் சொல்லலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்க்காமல் தொடங்க வேண்டாம். இது ஆனி. ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, உங்களுக்கும் கை ஓயும். முதல் சில வாரத்தில் விரல் முணுமுணுத்தாலும் வீட்டில் இருக்கலாம். அந்த மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். நடுவில் எங்காவது கிடாவெட்டுக்குச் சமைக்கக் கூப்பிட்டால் போய்ச் சமையுங்கள், ஈரலை மட்டும் மகன் பங்குக்கு விட்டுவிடுங்கள்.